வாட்டுப் புத்தகத்தில் ஒரு சைபர்

1. ரிமார்க்ஸ் கட்டம்

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா என் கையில் கொடுத்தது இரண்டே பொருள்கள். ஒன்று, எச்சில் தொட்டால் ஊதாவாக எழுதும் பென்சில். மற்றது வாட்டுப் புத்தகம். லிந்துலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் தேயிலைத் தொழிற்சாலை அது. தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தெட்டாம் வருடம், எனக்குப் பத்தொன்பது வயது. தொழிலாளர் லயத்தில் பிறந்து படித்து கிளாக்கர் வேலைக்கு வந்தவன் என்ற பெருமை தலைக்கு ஏறி இருந்த நேரம்.

இப்போது ஸ்டோரில் சேருகிற பிள்ளைகளுக்கு வாட்டுப் புத்தகம் என்றால் என்னவென்று சொல்ல வேண்டும். மலையிலிருந்து வரும் பச்சைக் கொழுந்தை மேல்மாடியில் பரப்பி வாட வைப்போம். எத்தனை மணிக்குப் பரப்பியது, எத்தனை மணிக்கு அள்ளியது, அன்று மழையா, பனியா, வெயிலா என்பதை எல்லாம் ஒரு நாளைக்கு ஒரு வரியாக அந்தப் புத்தகத்தில் எழுத வேண்டும். காலை பத்து மணிக்கு டீமேக்கர் வந்து அந்த வரியின் ஓரத்தில் கையெழுத்து வைப்பார். கையெழுத்துக்கு முன்னால் அகலமாக ஒரு கட்டம் இருக்கும். அதன் பெயர் ரிமார்க்ஸ். பெரும்பாலான நாட்களில் அதில் எழுத ஒன்றும் இருக்காது.

டீமேக்கர் ஐயா சிரித்து யாரும் பார்த்ததில்லை. புத்தகத்தைக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "இதுல நடந்ததை எழுது. நடக்காததை எழுதாத. நீ எழுதுற வரிக்குப் பக்கத்துல நான் கையெழுத்து வைக்கிறேன்னு ஞாபகம் இருக்கட்டும்."

ஞாபகம் இருந்தது. அவர் தடுத்தது நடக்காததைத்தான். நடந்ததெல்லாம் எழுதலாம் என்று நானாக ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டேன். அதுதான் வினையாகப் போனது.

2. ஒன்பது மணிக் கேள்வி

ஒன்பது மணிக்கு ஸ்டோரில் தேத்தண்ணி நேரம். அதே நேரத்துக்குப் பாண்காரர் தலையில் ரொட்டிப் பெட்டியோடு வருவார். பாணோடு சேர்த்து, முந்தின நாள் பத்திரிகையும் கொண்டுவருவார். அதன் நாலாம் பக்க மூலையில் தினம் ஒரு பொது அறிவுக் கேள்வி. விடையை அதற்குக் கீழேயே தலைகீழாக அச்சடித்திருப்பார்கள். விடையைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு நான் கேள்வியை வாசிப்பேன். சுற்றி உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கும் ஐந்து பேர் ஒருவர் பின் ஒருவராகப் பதில் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் ஒரு மார்க்கு. தப்பென்றால் சைபர். அன்று வராதவர் பெயருக்கு ஒரு கோடு.

மாசக் கடைசியில் கூடுதலாக மார்க்கு வாங்கியவருக்குப் பரிசு உண்டு. தூளைச் சுடுகிற டிரையர் மெஷினின் சுவரையொட்டி ஒரு பலகை கிடந்தது. அடுத்த மாசம் முழுவதும் தேத்தண்ணி நேரத்தில் அந்தப் பலகையில் அவர்தான் உட்காரலாம். லிந்துலைக் குளிரில் விறைத்த முதுகைச் சூடான சுவரில் சாய்த்துக்கொண்டு பத்து நிமிஷம் தேத்தண்ணி குடிப்பது லேசுப்பட்ட பரிசு இல்லை. மார்கழி மாதத்தில் அந்தப் பலகைக்காக ஆட்கள் பத்திரிகைத் துண்டுகளைப் பொறுக்கி வைத்து மனப்பாடம் செய்ததை நான் பார்த்திருக்கிறேன்.

முதலில் மார்க்குகளைக் கதவின் பின்பக்கம் சோக்கால் எழுதினேன். தூள் சலிக்கும் அறையில் வேலை செய்த ராக்கம்மா அக்காதான் எப்போதும் முதல். அவருக்கு எழுத்து வாசனை குறைவு, காதால் கேட்டதை மட்டும் ஏழு ஜென்மத்துக்கும் மறக்க மாட்டார். ஒரு நாள் கதவில் யார் முதுகோ உரசி அக்காவின் இரண்டு மார்க்கு அழிந்துவிட்டது. அவர் விட்ட சத்தத்தில் கொழுந்து அரைக்கிற ரோலர் சத்தமே கேட்கவில்லை. அன்றைக்குத்தான் எனக்கு ரிமார்க்ஸ் கட்டத்தின் ஞாபகம் வந்தது. காலியாகக் கிடக்கிற கட்டம், அழிக்க முடியாத பென்சில், தேதியும் ஏற்கெனவே போட்டிருக்கிறது. பெயரின் முதல் எழுத்தையும் மார்க்கையும் குட்டி எழுத்தில் அங்கேயே எழுத ஆரம்பித்தேன். யாராவது வேடிக்கையான பதில் சொன்னால் அதையும் ஓரமாகக் குறித்து வைப்பேன்.

கம்பெனிப் புத்தகத்தில் கண்டதையும் எழுதுகிறோமே என்று உறுத்தத்தான் செய்தது. டீமேக்கர் ஐயா பத்து மணிக்கு வந்து, பென்சிலை வாங்கி, ஒரு இழுப்பில் கையெழுத்து வைத்துவிட்டுப் போய்விடுவார். அவர் வாசிப்பதில்லை என்று நினைத்து நான் துணிந்துவிட்டேன்.

3. மாரிமுத்து அண்ணன்

டிரையருக்கு அடுப்பு எரிப்பவர் மாரிமுத்து அண்ணன். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். ஆட்கள் முன்னால் என்னை ஐயா என்பார், தேத்தண்ணி நேரத்தில் தம்பி என்பார். அந்தச் சூடான பலகை உண்மையில் அவர் வேலை செய்யும் இடத்தில்தான் கிடந்தது. ஆனால் ஒரு மாசம்கூட அவருக்கு அது கிடைக்கவில்லை.

அவருடைய கொள்கை அப்படி. தன் கண்ணால் பார்த்ததைத்தான் பதிலாகச் சொல்வார். உலகத்தின் மிகப் பெரிய ஏரி எது என்று கேட்டால் நுவரெலியா வாவி என்பார். மிக நீளமான பாலம் எது என்றால் தலவாக்கலையில் ஒன்று இருக்கிறது என்பார். "பாக்காததை நான் எப்படித் தம்பி சத்தியமா சொல்றது?" என்று திருப்பிக் கேட்பார். தேனீக்கு எத்தனை கால் என்ற கேள்விக்கு மட்டும் ஆறு என்று சொல்லி ஒரு மார்க்கு வாங்கினார். அடுப்புக்கு வரும் விறகில் தேன்கூடு இருக்குமாம், எண்ணிப் பார்த்திருக்கிறாராம். மற்றபடி அவர் பெயருக்கு நேரே சைபர், சைபர், சைபர். ராக்கம்மா அக்கா அவரைச் சைபர் அண்ணே என்றே கூப்பிடுவார். அவர் கோபித்துக்கொண்டதில்லை. கோபித்துக்கொண்டது ஒரே ஒரு நாள்தான்.

நாற்பத்தொன்பதாம் வருடம் மாசி மாதம் அவருடைய தாய்க்கு முடியவில்லை என்று திருச்சிப் பக்கத்திலிருந்து கடிதம் வந்தது. மனைவியையும் மகளையும் லயத்தில் விட்டுவிட்டு, தலைமன்னார் வழியாகக் கப்பல் ஏறிப் போனார். அவர் பெயருக்கு நேரே நான் தினமும் கோடு போட்டு வந்தேன். வைகாசிக் கடைசியில் ஒரு நாள் காலை, கண்ணெல்லாம் சிவந்து, நனைந்து காயாத சட்டையோடு அடுப்பு முன்னால் நின்றார். முந்தின நாள் பின்னேரம் ரயிலில் வந்து இறங்கியிருக்கிறார். தாயைப் புதைத்த மூன்றாம் வாரம் புறப்பட்டு வந்தவர்.

அன்றையக் கேள்வி, உலகத்திலேயே அதிகமாக மழை பெய்யும் ஊர் எது என்பது. ராக்கம்மா அக்கா சிரபுஞ்சி என்றார், ஒரு மார்க்கு. மாரிமுத்து அண்ணன் கொஞ்சமும் யோசிக்காமல் வட்டவளை என்றார். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். ஹட்டனுக்கு முன்னால் வரும் சின்ன ஸ்டேசன் அது. மழைக்குப் பெயர் போனதுதான், ஆனால் உலகத்துக்கே முதல் என்று அச்சில் இல்லையே.

நான் சைபர் எழுதப் போனபோது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "இன்னைக்கு வேண்டாம் தம்பி. நேத்துதான் வந்தேன், மனசு சரியில்ல. இன்னைக்கும் கோடே போட்டுருங்க."

"ஆள் நிக்கிறீங்க, பதிலும் சொல்லிட்டீங்க. கோடு எப்படிப் போடுறது? சைபர்தான்."

அவர் கையை எடுத்துவிட்டார். நான் சைபர் போட்டு, பக்கத்தில் வட்டவளை என்றும் எழுதினேன். அதன் பிறகு ஒரு மாசம் அவர் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. தாயைப் பறிகொடுத்து வந்த மனிதரிடம் ஒரு சைபருக்காக இவ்வளவு கறார் காட்டியிருக்க வேண்டுமா என்று எனக்கே பிறகு கூசியது. ஆனால் அழிக்க முடியாத பென்சில், எழுதியது எழுதியதுதான்.

4. நீலக் கவர்

அதற்குப் பிறகு வந்த காலம் உங்களுக்குத் தெரியும். இந்திய வம்சம் என்பதால் புதுச் சட்டப்படி, இந்த நாட்டில் பிறந்தவர்களும் இங்கேயே உழைத்துக் கிழவனானவர்களும் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பம் எழுத வேண்டி வந்தது. இத்தனை வருடமாக இங்கே இருக்கிறோம், இடையில் ஒரு வருடத்துக்கு மேல் வெளியே போய்த் தங்கவில்லை என்று கடதாசியில் நிரூபிக்க வேண்டும். எனக்குப் பள்ளிக்கூடப் பதிவு இருந்தது, தப்பித்தேன். மாரிமுத்து அண்ணனும் தன் பெயரிலும் மனைவி, மகள் பெயரிலும் விண்ணப்பம் போட்டார். வருடக் கணக்கில் பதில் இல்லை. ஐம்பத்தாறில் ஒரு நீலக் கவர் வந்தது. எனக்கு வாசிக்கக் கொண்டுவந்தார்.

நாற்பத்தொன்பது மாசியில் அவர் இந்தியாவுக்குப் போனதற்குப் பதிவு இருக்கிறது, திரும்பி வந்ததற்கு அத்தாட்சி இல்லை, அவரது அடுத்த பதிவு ஐம்பதாம் வருடக் கடைசியில்தான் இருக்கிறது, ஆகவே விண்ணப்பத்தை ஏன் தள்ளக் கூடாது என்று காரணம் காட்டவும். அதுதான் கடிதத்தின் சாரம். திரும்பிக் கப்பல் ஏறுமுன் மண்டபம் கேம்பில் கொடுத்த சீட்டு மழையில் கரைந்துபோயிருந்தது. வேலைக்கு வந்தவர்களைப் பதியும் தோட்டத்துச் செக்ரோலில் அவர் பெயர் தினமும் விழுந்திருக்கும், ஆனால் ஆபீஸ் கூரை ஒழுகி அந்த வருடத்துச் செக்ரோல் எல்லாம் கூழாகிப் போய் வெகுநாள் ஆயிற்று.

"தள்ளிட்டா என்னா செய்வாங்க தம்பி?" என்று கேட்டார்.

என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். அவரோடு மனைவிக்கும் மகளுக்கும் சேர்த்துத்தான் உரிமை இல்லாமல் போகும். மகளுக்கு டிக்கோயாவில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்த நேரம். பலகையில் உட்கார்ந்திருந்த ராக்கம்மா அக்காதான் சொன்னார், "அந்தச் சைபர் எல்லாம் எங்க இருக்கு? ஆள் இல்லாம சைபர் வாங்க முடியுமா?"

நான் துள்ளி எழுந்தேன். பழைய வாட்டுப் புத்தகங்கள் ஸ்டோர் மேல்மாடியில்தான் அடுக்கிக் கிடந்தன. டிரையர் சூடு ஏறும் இடம், ஒரு சொட்டு ஈரம் அண்டாது. ஓடிப்போய் நாற்பத்தொன்பதை உருவி எடுத்தேன். மாசியிலிருந்து வைகாசிக் கடைசி வரை கோடு, கோடு, கோடு. பிறகு ஒரு சைபர், பக்கத்தில் வட்டவளை. அதற்கப்புறம் வருடம் முடியும் வரை வேலை நாள் ஒன்றுகூட விடாமல் சைபர்கள். என் வாழ்க்கையில் எந்த எழுத்தைப் பார்த்தும் எனக்கு அப்படி ஒரு நிம்மதி வந்ததில்லை.

5. டீமேக்கர் ஐயாவின் முன்னால்

நிம்மதி மாடிப்படி இறங்கும் வரைக்கும்தான். அது கம்பெனிப் புத்தகம். வெளியே கொண்டுபோக வேண்டுமென்றால் டீமேக்கர் ஐயா தோட்டத்தை நடத்துகிற துரையிடம் அனுமதி கேட்க வேண்டும். அதற்கு முதலில் அந்தக் கட்டத்தில் எட்டு வருடமாக என்ன எழுதி வருகிறேன் என்று நான் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். ஒவ்வொரு வரியிலும் அவர் கையெழுத்து. துரைக்குத் தெரிந்தால் என் வேலையோடு அவர் மானமும் போகும்.

ஐயாவின் முன்னால் போய் நின்றேன். புத்தகத்தை விரித்து வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். மாரிமுத்து அண்ணன் கடிதத்தையும் கொடுத்தேன். ஐயா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினார். அவர் தலை நிமிரும் வரை நான் அடுத்த மாசம் எங்கே போய் வேலை தேடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"நான் வாசிக்காமலா கையெழுத்து வச்சேன்னு நினைச்ச?" என்றார்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"வட்டவளை பதிலை வீட்டுல சொல்லி, என் சம்சாரம் ரெண்டு நாள் சிரிச்சா. அடுப்புக்காரனுக்கு இன்னொரு மார்க்காவது விழுதான்னு பாத்துட்டுத்தான் தினமும் கையெழுத்து வைப்பேன். நடந்ததைத்தானே எழுதியிருக்க. அதனாலதான் விட்டேன்."

அப்போதும் அவர் சிரிக்கவில்லை. அன்றைக்கே துரை பங்களாவுக்குப் போய் வந்தார். துரை முதலில் முகம் சுளித்ததாகவும், பிறகு கடிதத்தை வாசித்துவிட்டுப் புத்தகத்தைக் கொண்டுபோகச் சொன்னதாகவும், ஒரு பக்கம்கூடக் கிழியாமல் திரும்பி வரவேண்டும் என்று எச்சரித்ததாகவும் வந்து சொன்னார். போகும்போது என்னிடம், "இனிமே வேற கொப்பியில எழுது. ஆனா கையெழுத்துக்கு எங்கிட்ட கொண்டுவா" என்றார்.

6. விசாரணை

விசாரணை நுவரெலியாவில் நடந்தது. விசாரிக்கிற ஐயா ஒரு சிங்கள மனிதர், நடுத்தர வயது, களைத்த முகம். பக்கத்தில் தமிழில் எடுத்துச் சொல்ல ஒருவர். மாரிமுத்து அண்ணன் வெள்ளைச் சட்டையின் கழுத்துப் பொத்தான் வரை போட்டுக்கொண்டு நின்றார். நானும் டீமேக்கர் ஐயாவும் சாட்சி.

விசாரிக்கிற ஐயா புத்தகத்தைப் பார்த்ததும் முதலில் சந்தேகப்பட்டார். அது அவருடைய வேலை. பென்சில் எழுத்தை விரல் நுனியால் தேய்த்துப் பார்த்தார். மற்ற மாதங்களைப் புரட்டினார். டீமேக்கர் ஐயாவிடம், வாசித்துத்தான் கையெழுத்து வைத்தீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஒவ்வொரு நாளும் வாசித்தேன் என்று ஐயா சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார். அந்த ஆள் முந்தின நாள்தான் வந்திருக்கிறார், தாய் செத்த துக்கம், கோடு போட்டிருக்கலாமே, ஏன் சைபர் போட்டாய் என்று கேட்டார்.

"ஆள் இருந்தார், ஐயா. இல்லாத ஆளுக்குத்தான் கோடு" என்றேன்.

அவர் புத்தகத்தைத் தன் பக்கமாகத் திருப்பி, அந்த வரியைக் கையால் மூடிக்கொண்டு மாரிமுத்து அண்ணனிடம் கேள்வி கேட்டார். பக்கத்தில் இருந்தவர் தமிழில் சொன்னார். ஊரிலிருந்து வந்த மறுநாள் ஸ்டோரில் உன்னிடம் என்ன கேள்வி கேட்டார்கள், நீ என்ன பதில் சொன்னாய்?

ஏழு வருடத்துக்கு முந்திய ஒரு காலைப் பொழுது. நேற்றுக் கேட்ட கேள்வியே ஞாபகம் இல்லாத மனிதர் என்றுதான் அவரை நாங்கள் நினைத்திருந்தோம். அதை மறந்திருந்தால் அத்தனை சைபர்களும் வீண்.

மாரிமுத்து அண்ணன் தயங்கவே இல்லை. "உலகத்துலயே கூடுதலா மழை பேயிற ஊர் எதுன்னு இந்தத் தம்பி கேட்டாருங்க. நான் வட்டவளைன்னு சொன்னேன். முந்தின நாள்தான் ரயில்ல அந்த வழியா வந்தேன். ஜன்னல் பலகை எறங்கல. கையில வச்சிருந்த கேம்பு சீட்டு வட்டவளையிலதான் கரைஞ்சு போச்சு. அதைவிடப் பெரிய மழையை நான் பாத்ததில்லைங்க. இன்னைக்குக் கேட்டாலும் அதுதான் என் பதில். இவரு சைபர் போட்டாரு."

கடைசி வார்த்தையைச் சொல்லும்போது என்னைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். ஏழு வருடக் கோபம் அப்படியே இருந்தது. அந்தக் கோபம்தான் அவரைக் காப்பாற்றியது என்று நான் இன்றைக்கும் நினைக்கிறேன். மார்க்கு வாங்கியிருந்தால் மறந்திருப்பார்.

விசாரிக்கிற ஐயா கையை எடுத்து வரியைப் பார்த்தார். தமிழில் எழுதியிருந்த வட்டவளையை அவருக்கு வாசிக்கத் தெரியவில்லை, பக்கத்தில் இருந்தவர் விரல் வைத்து வாசித்துக் காட்டினார். அதே வரியில் முன்னால், வானிலைக் கட்டத்தில், நான் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை அவரே வாசித்துக்கொண்டார். இரண்டு நாளாகப் பலத்த மழை. பிறகு நெடுநேரம் குனிந்து எழுதினார். எங்களைப் போகச் சொல்லும்போது முகத்தில் அந்தக் களைப்பு கொஞ்சம் குறைந்திருந்தது போல எனக்குத் தோன்றியது.

7. மார்க்கு

நாலு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. மூன்று பேருக்கும் பிரஜாவுரிமை கிடைத்துவிட்டது. தேத்தண்ணிக் கூட்டத்தில் வாசித்துக் காட்டியது நான்தான். மாரிமுத்து அண்ணன் அடுப்புக் கதவைத் திறந்து விறகு போடுவது போலக் குனிந்துகொண்டார். விறகு அவர் கையிலேயே இருந்தது. எங்கள் தோட்டத்தில் எத்தனையோ பேருக்கு அந்தக் கடிதம் வேறு மாதிரி வந்தது, அதையும் மறக்கவில்லை. ஆனால் அன்றைக்கு எங்களுக்கு மூச்சு வந்தது.

ஸ்டோருக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் இதை மட்டும் சொல்வேன். ஆள் வராத நாளுக்குக் கோடு போடுங்கள், வந்து தோற்ற நாளுக்குச் சைபர் போடுங்கள். இரண்டிலும் மார்க்கு இல்லைதான், இரக்கப்பட்டுக்கூட ஒன்றை மற்றதாக மாற்றி எழுதிவிடாதீர்கள். அன்றைக்கு நான் இரக்கப்பட்டுக் கோடு போட்டிருந்தால், விசாரணையில் கேட்டுப் பார்க்க வட்டவளையே இருந்திருக்காது.

கடிதம் வந்த மறுநாள் தேத்தண்ணி நேரத்தில் ராக்கம்மா அக்கா பலகையை விட்டு எழுந்து, மாரிமுத்து அண்ணனை உட்காரச் சொன்னார். அவர் முதன்முதலாக அந்தச் சூடான சுவரில் முதுகைச் சாய்த்தார். எனக்கு மனசு இளகிவிட்டது. பழைய புத்தகத்தில் அந்த ஒரு நாளை மட்டும் திருத்தி மார்க்கு போடட்டுமா அண்ணே என்று கேட்டேன்.

"போட்டுராதீங்க தம்பி" என்றார். "அது அப்படியே இருக்கட்டும்."

நான் பத்திரிகையை விரித்து, விடையைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு, அன்றையக் கேள்வியைக் கேட்டேன். உலகத்தின் மிகப் பெரிய பாலைவனம் எது? அப்படி ஒன்றைத் தான் பார்த்ததே இல்லை என்று மாரிமுத்து அண்ணன் சொன்னார். புதுக் கொப்பியில் அவர் பெயருக்கு நேரே பெரிதாக ஒரு சைபர் எழுதி, கையெழுத்துக்கு டீமேக்கர் ஐயாவிடம் கொண்டுபோனேன்.